மல்லாட்டையும் மரபணுவும்

விருத்தாசலம் பீங்கான் நகரமானதற்குக் காரணம் பக்கத்து ஊர் மண். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேலடுக்குகளைத் தோண்டியபோது கிடைத்த வெண்களிமண்ணை நம்பி இங்கே செராமிக் தொழிற்பேட்டை வளர்ந்தது. ஃபியூஸ் கட்டை, மின்கம்பத்துப் பீங்கான், கொலு பொம்மை என்று சிறு ஆலைகள் இன்றும் சூளை மூட்டிக்கொண்டிருக்கின்றன. ஊரின் சொந்தச் செம்மண்ணுக்குப் பேர் வாங்கித் தந்தவை வேறு இரண்டு: மல்லாட்டை என்று இந்த வட்டாரம் அழைக்கும் நிலக்கடலை, இன்னொன்று முந்திரி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இங்கிருந்து வெளியிட்ட கடலை ரகங்களும் முந்திரி ரகங்களும் வி.ஆர்.ஐ. என்ற முன்னெழுத்தோடு மாநிலம் முழுவதும் பயிராகின்றன. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அறுவடைக் காலத்தில் மூட்டை மூட்டையாக மல்லாட்டை வந்து இறங்குகிறது. உணவு மரபணுக்களை எப்படி நடத்துகிறது என்ற கேள்வியை இந்த ஊரில் வைத்துப் பேசுவது சுலபம். காரணம் அந்தக் கடலைப் பருப்பிலேயே இருக்கிறது. மரபணுக்கள்மேல் குறியிட உடல் பயன்படுத்தும் சத்துகளில் ஒன்றான ஃபோலேட் அதில் தாராளமாக உண்டு. அந்த ஃபோலேட்டை வேலை செய்ய வைக்கும் வைட்டமின் பி12 அதில் துளியும் இல்லை. ஒரு சத்து எவ்வளவு கிடைக்கிறது என்பதைவிட, அது எந்தத் துணையோடு, வாழ்வின் எந்தக் கட்டத்தில் கிடைக்கிறது என்பதே அதிகம் தீர்மானிக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம் நிறுவ முயலும் கருத்து.

நம் உடலில் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களும் ஒரே டி.என்.ஏ.வைத்தான் சுமக்கின்றன. புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் சுமார் 20,000. கல்லீரல் கல்லீரலாகவும் மூளை மூளையாகவும் இருப்பது, அந்த 20,000த்தில் எவை எங்கே பேசுகின்றன, எவை வாய்மூடி இருக்கின்றன என்பதால். இந்தப் பேச்சில் உணவு பல வழிகளில் தலையிடுகிறது. வைட்டமின் ஏ உடலுக்குள் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, உயிரணுவின் கருவுக்குள் தனக்கென்று உள்ள ஏற்பியோடு சேர்ந்து நேராக டி.என்.ஏ.மேல் உட்கார்ந்து மரபணுக்களைத் திறக்கிறது. வைட்டமின் டியும் இதே முறையில்தான் இயங்குகிறது. கொழுப்பு அமிலங்களை உணரும் ஏற்பிகள் கல்லீரலில் கொழுப்பை எரிக்கும் மரபணுக்களை முடுக்குகின்றன. கேழ்வரகிலும் கீரையிலும் உள்ள நார்ச்சத்தைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கும்போது உண்டாகும் பியூட்டிரேட், டி.என்.ஏ. சுற்றிக் கிடக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் பிடியைத் தளர்த்துகிறது. இவையெல்லாம் உண்ட சில மணி நேரத்தில் தொடங்கி, உணவு மாறினால் தாமும் மாறிவிடும் வேலைகள். நெடுநாள் நிற்கக்கூடிய தடம் வேறொரு வழியில் பதிகிறது. அதைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த சின்னஞ்சிறு துண்டுக்கு மெத்தில் என்று பெயர். டி.என்.ஏ.வின் சைட்டோசின் எழுத்துமேல் இது ஒட்டிக்கொண்டால் எழுத்து மாறுவதில்லை. ஆனால் ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இந்த ஒட்டுகள் கூடினால் பெரும்பாலும் அந்த மரபணு அடங்கிப்போகிறது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது புதிய இழையிலும் அதே இடங்களில் இந்த ஒட்டை வைக்கத் தனி நொதி இருக்கிறது. அதனால் கருவில் வைக்கப்பட்ட ஒரு குறி முதுமை வரை நகலாகிக்கொண்டே வர முடிகிறது. சரி, இந்த மெத்தில் எங்கிருந்து வருகிறது? உணவிலிருந்துதான். கீரையும் பருப்பும் கடலையும் தரும் ஃபோலேட், முட்டை மஞ்சள் கரு தரும் கோலின், புரதத்தில் உள்ள மெத்தியோனின் ஆகியவை மூலப்பொருள்கள். ஃபோலேட் தான் சுமந்து வரும் மெத்திலை ஹோமோசிஸ்டீன் என்ற பொருளிடம் ஒப்படைக்க, அது மெத்தியோனினாகி, பிறகு எஸ்-அடினோசில் மெத்தியோனினாகி, டி.என்.ஏ.வுக்கு மெத்திலை வழங்குகிறது. இந்த ஒப்படைப்பைச் செய்யும் நொதிக்குப் பி12 கட்டாயம் வேண்டும். பி12 இல்லையென்றால் ஃபோலேட் மெத்திலை இறக்கிவைக்க வழியில்லாமல் அப்படியே சிக்கிக்கொள்கிறது. ரத்தத்தில் ஃபோலேட் நிறையத் தெரியும். ஆனால் உயிரணுவுக்கு அதனால் பயன் இருக்காது. ஹோமோசிஸ்டீன் மட்டும் ஏறும்.

தாயின் உணவு பிள்ளையின் மரபணுக் குறியை மாற்றும் என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டியது 2003இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வாட்டர்லேண்டும் ராண்டி ஜர்ட்டிலும் செய்த எலிச் சோதனை. அகூட்டி என்ற மரபணு ஓயாமல் இயங்கும் எலிகள் மஞ்சள் நிறத்தில் பிறந்து, பருத்து, நீரிழிவுக்கு ஆளாகின்றன. அந்த மரபணுவின் அருகே செருகப்பட்டுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டில் மெத்தில் ஒட்டினால் அது அடங்கி, எலி பழுப்பாக, ஒல்லியாக இருக்கிறது. கருத்தரிக்கும் முன்பிருந்தே தாய் எலிகளுக்கு ஃபோலிக் அமிலம், பி12, கோலின், பீட்டெயின் ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவை ஈன்ற குட்டிகளில் பழுப்புக் குட்டிகள் கூடின. மரபெழுத்தில் ஒன்றுகூட மாறவில்லை. இந்தச் சோதனையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஃபோலிக் அமிலத்தை மட்டும் எடுத்துப் பேசிவிடுகிறார்கள். கொடுக்கப்பட்டவை நான்கு, கொடுக்கப்பட்டது கருத்தரிப்புக்கு முன்பு. இந்த இரண்டு விவரங்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எலிக்கு நடந்தது மனிதருக்கு நடக்குமா என்று கேட்பது நியாயம். மனிதர்களைப் பட்டினி போட்டுச் சோதிக்க முடியாது, ஆனால் வரலாறு அதைச் செய்திருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு வருவதை ஜெர்மானியப் படை தடுத்தது. ஒருவருக்கான அன்றாடப் பங்கு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது. 2008இல் பாஸ் ஹெய்மன்ஸும் அவருடைய லைடன் பல்கலைக்கழகக் குழுவினரும், அந்தப் பஞ்சத்தின்போது கருவானவர்களை, பஞ்சத்தில் அகப்படாத அவர்களுடைய உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டார்கள். அறுபது ஆண்டு கழித்தும் ஐ.ஜி.எஃப்.2 என்ற வளர்ச்சி மரபணுவில் மெத்தில் அளவு அவர்களுக்குச் சுமார் 5 விழுக்காடு குறைந்திருந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பஞ்சத்தைச் சந்தித்தவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. எடை குறைவாகப் பிறந்தவர்கள் இந்த இரண்டாம் வகையினர்தாம் என்பது கவனிக்க வேண்டியது. பிறந்த எடை சரியாக இருந்தாலும் தொடக்க நாட்களின் குறை உள்ளே தங்கிவிட முடியும் என்று ஆகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவிலோ பஞ்சம் ஆண்டுதோறும் நாட்காட்டிப்படி வருகிறது. மழைக்காலத்தில் போன அறுவடைத் தானியம் தீர்ந்திருக்கும். கடும் வயல்வேலை இருக்கும், ஆனால் கீரை நிறையக் கிடைக்கும். வறண்ட காலத்தில் தானியம் மிகும். மழைக்காலத்தில் கருவான குழந்தைகளுக்கும் வறண்ட காலத்தில் கருவானவர்களுக்கும் குறிப்பிட்ட சில மரபிடங்களில் மெத்தில் அளவு வேறுபடுவதையும், அது கருத்தரித்த காலத்தில் தாயின் ரத்தத்தில் இருந்த சத்துகளோடு தொடர்புடையதாக இருப்பதையும் 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஏன் தொடக்க நாட்களுக்கு இத்தனை பலம்? கருவுற்ற சில நாட்களுக்குள் தாய் வழியும் தந்தை வழியும் வந்த மெத்தில் குறிகளில் பெரும்பகுதி துடைக்கப்பட்டு, புதிதாக எழுதப்படுகிறது. எழுதும் அந்த நேரத்தில் மை குறைந்தால் எழுத்து மங்கும். விருத்தாசலத்துப் பொம்மை ஆலைகளில் வேலை செய்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். நீர்த்த களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, சுவரோரம் மண் தடித்துப் படிகிறது. மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, பொம்மையை எடுத்து, ஓரம் சீவி நிழலில் காயப்போடுகிறார்கள். கழுத்து ஒரு வேகத்திலும் அடிப்பகுதி இன்னொரு வேகத்திலும் காய்ந்தால் வெளியே எதுவும் தெரியாது. சூளைச் சூட்டில்தான் விரிசல் வாய்பிளக்கும். சுடுவதற்கு முன்பென்றால் அதை உடைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி குழம்பாக்கலாம், சுட்ட பிறகு முடியாது. பிழை நேர்ந்த வேளையும் அது வெளிப்படும் வேளையும் வேறு என்பது வரை இந்த ஒப்பீடு பொருந்தும். அதற்கு மேல் இழுக்கக் கூடாது. உயிருள்ள உடல் சுட்ட மண்ணைப்போல இறுகிவிடுவதில்லை, அதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்தியாவுக்குள் இதைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசும் சான்று புணேயிலிருந்து வருகிறது. கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக் தலைமையில் 1993இல் புணே அருகே ஆறு கிராமங்களில் தொடங்கிய ஆய்வு, பெண்களைக் கருத்தரிக்கும் முன்பிருந்தே பின்தொடர்ந்தது. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்த இந்தக் குழந்தைகளிடம் தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த உடம்பில் கொழுப்பு என்ற நம் ஊர் நீரிழிவின் சாயல் பிறந்த அன்றே இருந்தது. 2008இல் வெளிவந்த முடிவு இன்னும் கூர்மையானது. கர்ப்பிணிகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பி12 குறைவு, ஆனால் ஃபோலேட் குறைவாக இருந்தவர் ஒரே ஒருவர். ஆறு வயதில் குழந்தைகளைச் சோதித்தபோது, தாயின் ஃபோலேட் கூடக்கூடக் குழந்தையின் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் கூடியிருந்தன. எல்லாரையும்விட அதிக இன்சுலின் எதிர்ப்பு, பி12 மிகக் குறைவாகவும் ஃபோலேட் மிக அதிகமாகவும் இருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு. முன்பு சொன்ன மெத்தில் சிக்கலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணத்தின் உருவம் ஓரளவு தெரிகிறது. கையில் ஃபோலேட் இருக்கிறது, அதை இறக்கிவைக்கும் கை இல்லை.

அப்படியானால் ஃபோலிக் அமில மாத்திரை கெடுதலா? இப்படி ஒரு முடிவுக்கு யாராவது வந்தால் அது பெரும் ஆபத்து. கருவின் நரம்புக் குழாய் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் மூளையும் தண்டுவடமும் குறைபடும். ஏற்கெனவே இப்படிப்பட்ட குழந்தையைப் பெற்ற பெண்களிடம் பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் குழு நடத்தி 1991இல் வெளியிட்ட சோதனையில், கருத்தரிப்பை ஒட்டி எடுத்த ஃபோலிக் அமிலம் மறுபடி அது நேர்வதை 72 விழுக்காடு குறைத்தது. ஊட்டச்சத்து அறிவியலில் இவ்வளவு உறுதியான முடிவுகள் அபூர்வம். தவிர, புணே கிராமங்களின் நிலை நாடு முழுவதற்கும் பொருந்தாது. 2016-18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, வளரிளம் பருவத்தினரில் 37 விழுக்காட்டினருக்கு ஃபோலேட் குறைவும் 31 விழுக்காட்டினருக்குப் பி12 குறைவும் கண்டது. ஆகவே ஃபோலிக் அமிலம் இருந்தாக வேண்டும். என் மறுப்பு, அதைத் துணையின்றித் தனியாக அனுப்புவதைப் பற்றியது. கர்ப்பிணிகளுக்குத் தினமும் கொடுக்கும் சிவப்பு மாத்திரையிலும், வளரிளம் பருவப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று கொடுக்கும் நீல மாத்திரையிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. பி12 இல்லை. ரேஷன் கடைச் செறிவூட்டிய அரிசியில் சேர்க்கிறார்கள், ஆனால் விதிப்படி ஒரு கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் வரைதான். நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி சாப்பிடும் பெண்ணுக்கு அதில் கிடைப்பது ஏறக்குறைய 0.3 மைக்ரோகிராம். தேவையோ 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்.

இங்கே கறாரான அறிவியலாளர் ஒருவர் குறுக்கிடுவார்: பஞ்சம், மழைக்காலம், தாயின் ரத்த அளவு என்பவையெல்லாம் உடன்நிகழ்வுகள். உடன் நிகழ்வது காரணமாகிவிடாது. ரத்தத்தில் அளந்த மெத்தில் அளவு கணையத்திலும் கல்லீரலிலும் அப்படியே இருக்கும் என்று யார் சொன்னது? 5 விழுக்காடு வேறுபாடு ஒருவரை நோயாளியாக்குமா? இந்தக் கேள்விகள் எல்லாமே சரியானவை. சரியான சோதனையும் நடந்திருக்கிறது. மும்பைச் சேரிப் பகுதிப் பெண்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் கீரை, பழம், பால் சேர்த்த சிற்றுண்டி கொடுத்த சோதனையிலும், காம்பியாவில் சத்து மாத்திரை கொடுத்த சோதனையிலும் பிறந்த குழந்தைகளின் மெத்தில் குறிகளை எம்ஃபசிஸ் என்ற ஆய்வு பிற்பாடு ஒப்பிட்டு 2020இல் வெளியிட்டது. காம்பியாக் குழந்தைகளிடம் சில மரபிடங்களில் மட்டும் மாற்றம் தெரிந்தது. மும்பைக் குழந்தைகளிடம் நம்பத் தகுந்த தடம் கிடைக்கவில்லை. தாய் ஒரு வேளை நல்லது சாப்பிட்டால் பிள்ளையின் மரபணுவே திருந்திவிடும் என்று மேடையில் பேசுபவர்கள் இந்த முடிவைச் சொல்வதில்லை, சொல்லியாக வேண்டும். ஆனால் அதே மும்பைச் சிற்றுண்டி, கர்ப்பகால நீரிழிவை 12.4 விழுக்காட்டிலிருந்து 7.3 விழுக்காடாகக் குறைத்தது. கருத்தரிப்பதற்கு மூன்று மாதம் முன்பிருந்தாவது சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகள் சுமார் 48 கிராம் எடை கூடிப் பிறந்தார்கள். பலன் எந்த மூலக்கூறு வழியே வந்தது என்ற வழக்கு தீராமல் இருக்கலாம், பலன் வந்தது என்பது தீர்ந்துவிட்டது. மெத்தில் ஆய்வு நமக்கு எங்கே தேட வேண்டும் என்று காட்டுகிறது: முன்கூட்டியே, கூட்டாக. அந்தத் திசையில் சென்ற சோதனைகள் உடல்நலத்தில் பலன் காட்டும்போது, மூலக்கூறு வழக்கின் தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இன்னொரு தரப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. உணவும் மரபணுவும் இவ்வளவு நெருக்கம் என்றால், எச்சில் மாதிரி அனுப்பி, நம் மரபணுவுக்கு ஏற்ற உணவுப் பட்டியலை வாங்கிக்கொள்ளலாமே என்கிறது அந்தச் சந்தை. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரைக் கொழுப்பு குறைந்த உணவு, மாவுச்சத்து குறைந்த உணவு என்று இரு பிரிவாக்கி ஓராண்டு கவனித்து 2018இல் வெளியிட்டது. யாருக்கு எந்த உணவில் எடை குறையும் என்பதை, அதற்கென்று தேர்ந்த மரபணு அமைப்பு சொல்லவில்லை. ஐரோப்பாவின் ஃபுட்4மீ சோதனையில், ஒவ்வொருவரின் உணவுப் பழக்கத்தைப் பார்த்து ஆலோசனை சொன்னது பலன் தந்தது. அதோடு மரபணு விவரத்தைச் சேர்த்ததால் கூடுதல் பலன் ஏதும் இல்லை. பால் சர்க்கரை செரிக்காமை, ஃபீனைல்கீட்டோனூரியா போன்ற ஒற்றை மரபணுக் கோளாறுகள் வேறு விஷயம், அங்கே மரபணு அறிவதால் எந்த உணவைத் தவிர்ப்பது என்று தெரிகிறது. மற்றபடி சாதாரண உடம்பில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் துளித்துளியாகப் பங்களிக்கின்றன. அவற்றுக்கென்று உணவுப் பட்டியல் எழுதும் அளவுக்கு அறிவு இன்னும் வளரவில்லை. ஆயிரக்கணக்கில் செலவழிக்க முடிந்தவர் அந்தப் பணத்தைப் பாலுக்கும் மீனுக்கும் செலவழிக்கலாம் என்பது என் தீர்மானமான கருத்து.

மல்லாட்டையைப் பற்றிப் பேசும்போது சத்தை மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. ஈரம் சரியாக வற்றாத காயில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை பிடிக்கிறது. அது சுரக்கும் அஃப்ளடாக்சின், உணவு மரபணுவைத் தொடும் இன்னொரு விதத்தைக் காட்டுகிறது. கல்லீரலில் அது டி.என்.ஏ.வோடு நேராகப் பிணைந்து, கட்டியைத் தடுக்கும் பி53 மரபணுவின் 249ஆம் குறியிடத்தில் எழுத்தையே மாற்றிவிடுகிறது. மெத்தில் குறி எழுத்துக்கு மேல் ஒட்டுவது, இது எழுத்தைச் சிதைப்பது, திரும்பச் சரியாகாதது. காம்பியாவின் முக்கியப் பணப்பயிரும் நிலக்கடலைதான். அங்கே கர்ப்பத்தில் இந்த நஞ்சுக்கு அதிகம் ஆளான தாய்மாரின் கைக்குழந்தைகளிடம் மெத்தில் குறிகளும் வேறுபட்டிருந்ததாக 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. களத்தில் காயை அள்ளிக் காதருகே ஆட்டி, பருப்பு உள்ளே கலகலவென்று சத்தம் போட்டால்தான் மூட்டை கட்டலாம் என்று பார்க்கும் விவசாயியின் பழக்கம் இங்கே நேரடி மருத்துவம். ஈரம் நூற்றுக்கு எட்டு ஒன்பதுக்கு இறங்கியிருக்க வேண்டும். சுருங்கிய, நிறம் மங்கிய, ஓட்டை விழுந்த பருப்பில்தான் நஞ்சு குவிந்திருக்கும். அதை விலை குறைத்து வாங்கி அரைத்துவிடும் வழக்கத்துக்கு முடிவு கட்ட வேண்டும். சுத்திகரித்த எண்ணெயில் நஞ்சு பெருமளவு நீங்கிவிடுகிறது, பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது. பிண்ணாக்கு தின்ற மாட்டின் பாலில் அதன் ஒரு பகுதி இறங்குகிறது. பி12க்காக நாம் பரிந்துரைக்கும் அதே பாலில்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வியை நானே எழுப்ப வேண்டியிருக்கிறது. பிள்ளையின் நாற்பது வயது நீரிழிவுக்குத் தாயின் கர்ப்பகாலச் சாப்பாட்டைக் காரணம் காட்டுவது, இருக்கிற சுமையோடு இன்னொரு பழியையும் பெண் தலையில் ஏற்றுவதாகாதா? இப்படிப் பழி சுமத்தவே இந்த அறிவியல் பயன்படுமானால் இது வெளிவராமலே இருந்திருக்கலாம். ஆனால் சான்றுகள் தாயின் விருப்பத்தைப் பற்றிப் பேசவில்லை, அவள் தட்டுக்கு எது வந்து சேர்கிறது என்பதைப் பற்றிப் பேசுகின்றன. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அசைவம் உண்பவர்கள். எனினும் கூலி வீட்டில் கறியும் மீனும் வாரத்தில் ஒரு நாள், அதுவும் ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்டது போக மிஞ்சிய குழம்பு. பால் டீக்கு மட்டும். ஒரு டம்ளர் பாலும் ஒரு முட்டையும் அன்றாடம் கிடைத்தாலே பி12 தேவையில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். கடலூர்க் கரையிலிருந்து வரும் மத்தி மீன் நூறு கிராமில் ஒரு நாள் தேவையின் பல மடங்கு உண்டு. செராமிக் ஆலையில் நாள் முழுக்க நின்று மெருகு தோய்க்கும் பெண்ணின் கூலியும், வீட்டில் யார் முதலில் உண்பது என்ற வழக்கமும்தான் அவள் கருவின் மெத்தில் கணக்கில் வந்து விழுகின்றன. வளர்ந்துவிட்டவர்களுக்கு இனி வழியே இல்லை என்றும் இதற்குப் பொருளில்லை. சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட சோதனையில், மூன்றாண்டில் நீரிழிவு வந்தவர்கள் வழக்கமான ஆலோசனைப் பிரிவில் 55 விழுக்காடு, உணவும் நடையும் திருத்திக்கொண்ட பிரிவில் 39.3 விழுக்காடு. பிறப்பில் எந்தக் குறி விழுந்திருந்தாலும் பிற்கால உணவுக்கும் உழைப்புக்கும் உடல் செவிகொடுக்கிறது என்பதற்கு இது சான்று. முன்பு சொன்ன சூளை ஒப்பீடு இங்கேதான் முடிகிறது.

இனி, கிடைப்பதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்போம். அரசுப் பள்ளியில் படிக்கும் பெண்ணுக்குச் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை கிடைக்கிறது, பத்தாம் வகுப்போடு அது நின்றுபோகிறது. மறுபடி அவள் அரசின் ஊட்டச்சத்துக் கணக்கில் முழுமையாக வருவது கர்ப்பம் பதிவாகி, கிராம சுகாதாரச் செவிலியர் பிக்மி எண் போட்டுக்கொடுக்கும்போது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. அதற்குள் நரம்புக் குழாய் மூடி ஒன்றரை மாதம் ஆகியிருக்கும், மெத்தில் குறிகளைத் துடைத்து எழுதும் வேலை அதற்கும் முன்பே முடிந்திருக்கும். அதாவது, பதினாறு வயதுக்கும் முதல் கர்ப்பத்துக்கும் இடையில் உள்ள ஆண்டுகள்தாம் அறிவியல் முக்கியம் என்று சொல்லும் ஆண்டுகள், அந்த ஆண்டுகளில்தான் தட்டு காலியாக இருக்கிறது. புணேயில் யாஜ்னிக் குழு 2012இல் தொடங்கிய பிரியா சோதனை இந்த இடைவெளியைத்தான் குறிவைத்தது. முதல் ஆய்வில் பிறந்த பிள்ளைகள் வளரிளம் பருவத்தை அடைந்ததும் அவர்களுக்குத் தினமும் 2 மைக்ரோகிராம் பி12 கொடுத்தார்கள். அதன் பிறகு பிறந்த குழந்தைகள் இரண்டு வயதில் அறிவுத்திறன், மொழி ஆகியவற்றில் ஒப்பீட்டுப் பிரிவைவிட நன்றாகச் செய்ததாக 2021இல் வெளியிட்டார்கள். சோதித்த குழந்தைகள் குறைவு, வேறிடங்களிலும் செய்து பார்த்தால்தான் உறுதியாகும்.

தினமும் மாத்திரை என்பது நம் கிராமங்களில் நடக்காது என்று ஒரு நடைமுறை எதிர்வாதம் உண்டு. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வார நீல மாத்திரையில் பி12ஐச் சேர்த்தால் போதும் என்பதற்கு உடலியங்கியலிலேயே வழி இருக்கிறது. இரைப்பை சுரக்கும் உள்காரணிப் புரதத்தின் உதவியால் ஒரு வேளையில் உறிஞ்சப்படும் பி12 ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோகிராமோடு நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு விழுங்கினாலும் சுமார் ஒரு விழுக்காடு மட்டும் தானாகக் கசிந்து உள்ளே போகும். 500 மைக்ரோகிராம் மாத்திரையில் அந்த ஒரு விழுக்காடு 5 மைக்ரோகிராம், உள்காரணி வழியாக வருவதையும் சேர்த்தால் ஆறரை முதல் ஏழு. உணவில் வரும் 2 மைக்ரோகிராமில் பாதிதான் உடலில் சேர்கிறது என்பதால் நாளொன்றுக்கு உண்மையில் தேவைப்படுவது ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம், வாரத்துக்கு ஏழு. மிஞ்சியதைக் கல்லீரல் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும், அளவு கூடினால் சிறுநீரில் போய்விடும். பள்ளியை விட்டு நின்ற பெண்ணுக்கு அந்த மாத்திரையை ஆலை வாசலிலும் முந்திரி உடைக்கும் கொட்டகையிலும் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்பதே மீதமிருக்கும் கேள்வி. அதற்கான விடை சுகாதாரத் துறையின் வட்டார அலுவலகங்களிடம் இருக்கிறது.